டிகேஇன்டருக்குக் கையேடு எங்கே இருக்கிறது?

சிவகாசியில் ஓர் ஆஃப்செட் அச்சகத்தில் கணக்கு பார்க்கிறேன். படித்தது பி.காம். பைத்தான் என்ற நிரல்மொழியைக் கற்றுக்கொண்டது 34 வயதில். மாதா மாதம் ஜிஎஸ்டிக்காக எக்செல் தாள்களைக் கையால் ஒட்டி ஒட்டிச் சலித்துப்போய்த்தான் அதில் இறங்கினேன். அது கைவந்ததும் ஆசை கூடிவிட்டது. எந்த ஜாப்புக்கு பிளேட் போட்டாயிற்று, எது மெஷினில் ஓடுகிறது, எது லேமினேஷனுக்குப் போயிருக்கிறது, எது பைண்டிங்கில் கிடக்கிறது என்று ஒரு கட்டு அட்டையைப் புரட்டித் தேடுவதற்குப் பதில், திரையில் ஒரு பட்டியலாகப் பார்த்தால் என்ன?

அச்சகக் கணினியில் இன்டர்நெட் கிடையாது. ஒருமுறை வைரஸ் புகுந்து டிசைன் கோப்புகளைத் தின்றுவிட்டது. அன்றைக்கே முதலாளி அண்ணாச்சி ஒயரைப் பிடுங்கிவிட்டார். அதனால் தனியாக எதையும் இறக்கி நிறுவ முடியாது. பைத்தானை நிறுவும்போதே கூட வருகிற, திரையில் ஜன்னலும் பட்டனும் போட உதவுகிற டிகேஇன்டரை எடுத்துக்கொண்டேன். ஜன்னல் திறக்க, பட்டன் வைக்க, அரை மணி நேரம் ஆனது. அதற்கு அப்புறம் மூன்று வாரம், எதைத் தேடினாலும் பாதி வழியில் நின்றது. நெட்டில் கிடைத்தவை எல்லாம் ஒரே பட்டன், ஒரே கால்குலேட்டர். பைத்தானின் சொந்த ஆவணத்தில் ஒரு விட்ஜெட்டுக்கு (பட்டன், பட்டியல் மாதிரி ஜன்னலில் வைக்கும் உறுப்பு) நாலு வரி இருக்கும். எனக்கு வேண்டிய ஐந்தாவது வரி இருக்காது.

அந்த ஐந்தாவது வரியை எங்கே தேடுவது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். நிரல் சொற்களை, தம்பிக்கு ஃபோனில் சொல்லித் தருவதுபோல, உச்சரிப்பிலேயே தமிழில் தருகிறேன். தட்டும்போது ஆங்கிலத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

டிகேஇன்டர் ஒரு துபாஷி

எனக்கு விஷயம் பிடிபட்ட இடம் இது. டிகேஇன்டர் தானாக எந்த ஜன்னலையும் வரைவதில்லை. வரைகிறது டிகே. அந்த டிகே பிறந்தது வேறொரு மொழிக்காக: டிசிஎல். எழுதுவது டிசிஎல், சொல்வது டிக்கிள். ஜான் ஆஸ்டர்ஹவுட் என்பவர் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் இருந்தபோது 1980களின் கடைசியில் டிக்கிளை உருவாக்கினார். அதற்கு ஜன்னல், பட்டன், பட்டியல் போட்டுத் தரும் கருவிப்பெட்டியாகப் பின்னாலேயே டிகே வந்தது. பைத்தானைப் படைத்த கீடோ வான் ராசமும் ஸ்டீன் லும்ஹோல்ட்டும் அதைப் பைத்தானிலிருந்து அழைப்பதற்கு எழுதிய இடைப்பலகைதான் டிகேஇன்டர். நாம் பைத்தானில் சொல்வதை அது டிக்கிளாக்கி உள்ளே அனுப்புகிறது. வருகிற பதிலைப் பைத்தானாக்கித் தருகிறது. கிழக்கிந்தியக் கம்பெனி காலத்துத் துபாஷி (மொழிபெயர்ப்பாளர்) மாதிரி.

துபாஷி அப்படித்தான். சரக்கைப் பற்றி அவரிடம் கேட்டால் கொஞ்சம்தான் தெரியும். சரக்குக்காரரிடம் போகவேண்டும். டிகேவுக்கு முழுக் கையேடு டிக்கிள்காரர்களிடம் இருக்கிறது. விட்ஜெட்டுக்கு ஒரு பக்கம், ஆப்ஷனுக்கு ஒரு பத்தி, விடாமல் எழுதி வைத்திருக்கிறார்கள். டிசிஎல்-டிகேயின் அதிகாரபூர்வத் தளத்தில் 8.6 பதிப்பின் டிகே கட்டளைகள் என்ற பட்டியலைத் திறந்தால் எல்லாம் அகர வரிசையில் கிடக்கும். உபுண்டு வைத்திருப்பவர்கள் டிகே-டாக் என்ற பொதியை நிறுவினால் மேன் பக்கமாகவே (கணினியிலேயே திறக்கும் கையேட்டுப் பக்கம்) வந்துவிடும், நெட் வேண்டாம்.

விண்டோஸில் பைத்தானோடு இந்தப் பக்கங்கள் வருவதில்லை. நான் வீட்டில் வைத்து ஒன்பது பக்கங்களைச் சேமித்து பென்டிரைவில் கொண்டுபோனேன்: ட்ரீவியூ, கிரிட், பைண்ட், டெக்ஸ்ட், கேன்வாஸ், ஃபான்ட், டபிள்யூஎம், அப்புறம் ஆப்ஷன்ஸ், டிடிகே விட்ஜெட் (டிடிகே என்பது டிகேயின் புதுத் தோற்ற விட்ஜெட் தொகுப்பு). கடைசி இரண்டையும் மறந்துவிடாதீர்கள். ஒவ்வொரு விட்ஜெட் பக்கத்தின் தலையிலும் ‘பொது ஆப்ஷன்கள்’ என்று வெறும் பெயர்கள் மட்டும் வரிசையாக இருக்கும். அவற்றுக்கான விளக்கம் இந்த இரண்டு பக்கங்களில்தான் இருக்கிறது. இது தெரியாமல் விளக்கமே இல்லை என்று திட்டியிருக்கிறேன்.

கீ, கி ஆன கதை

என் பட்டியல் ட்ரீவியூ என்ற விட்ஜெட். வாடிக்கையாளர் பெயர், ஜாப் விவரம் எல்லாம் தமிழில். எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக்கினேன், கட்டிங் பகுதி அண்ணனுக்குக் கண்ணாடி போட்டாலும் பார்வை மட்டு. பெரிதாக்கியதும் ஒவ்வொரு வரியிலும் எழுத்தின் தலையும் காலும் வெட்டுப்பட்டன. ‘கீ’யின் மேற்சுழி போய், கி-யா கீ-யா என்றே தெரியவில்லை. ‘ளு’வின் வால் கீழ்வரிக்குள் மறைந்தது.

வரியின் உயரத்தைக் கூட்டவேண்டும், அவ்வளவுதான். பைத்தானின் ட்ரீவியூ பகுதியில் ஹைட் என்று ஒரு ஆப்ஷன் இருந்தது. போட்டுப் பார்த்தேன்; பட்டியலில் எத்தனை வரி தெரியவேண்டும் என்ற எண்ணிக்கை அது. வரியின் உயரம் பற்றி நான் பார்த்த அளவில் அங்கே பேச்சே இல்லை. நெட்டில் ‘டிகேஇன்டர் வரி உயரம்’ என்று தேடினால், விட்ஜெட்டுகளைக் கட்டம் கட்டமாக அடுக்குகிற கிரிட் பற்றி வந்து குவிந்தது.

டிக்கிள் கையேட்டின் டிடிகே ட்ரீவியூ பக்கத்தைத் திறந்து கடைசி வரை உருட்டினேன். அடியில் ‘ஸ்டைலிங் ஆப்ஷன்ஸ்’ என்று ஒரு பகுதி. அதில் சிறுகோடு ரோஹைட். எழுத்துருவின் அளவுக்கோ திரையின் அளவுக்கோ அது தானாக மாறாது என்ற எச்சரிக்கையும், எழுத்துருவின் வரி இடைவெளியைக் கேட்டு அதோடு 2 கூட்டிக் கொடு என்ற உதாரணமும் அங்கேயே. பைத்தானில் அது இரண்டு வரி: டிகேஇன்டர் ஃபான்ட்டில் ஓர் எழுத்துரு செய்து, அதன் மெட்ரிக்ஸ் சார்பிடம் (ஃபங்ஷன்) ‘லைன்ஸ்பேஸ்’ என்று கேட்பது ஒன்று. டிடிகே ஸ்டைலை எடுத்து, கான்ஃபிகர் என்று, ட்ரீவியூ என்ற பெயருக்கு ரோஹைட்டாக அந்த எண்ணைக் கொடுப்பது இன்னொன்று. கீ மறுபடி கீ ஆனது.

அன்றிலிருந்து நான் தேடும் சொற்களை மாற்றிவிட்டேன். தேடுபெட்டியில் டிகேஇன்டர் என்று போடுவதில்லை. ‘டிடிகே, இரட்டை முக்காற்புள்ளி, ட்ரீவியூ, ரோஹைட்’ என்று டிக்கிள்காரர் எழுதுகிற மாதிரியே போடுகிறேன். ஒரு பட்டன் பாடங்கள் விலகி, வேலை தெரிந்தவர்கள் பேசுகிற இடம் மேலே வந்துவிடுகிறது.

டிக்கிளைப் பைத்தானாகப் படிப்பது

டிக்கிள் மொழியைக் கற்கவேண்டியதில்லை. நான் இன்றுவரை அதில் பத்து வரி எழுதியதில்லை. கையேட்டைப் படிக்கச் சில வாய்ப்பாடு போதும்.

டிக்கிளில் சிறுகோட்டோடு தொடங்குகிற எந்தச் சொல்லும் பைத்தானில் பெயரிட்ட மதிப்பு. ‘சிறுகோடு டெக்ஸ்ட், சேமி’ என்று இருந்தால் ‘டெக்ஸ்ட் சமம் சேமி’. வரியின் முதலில் புள்ளியோடு வருவது விட்ஜெட்டின் பெயர். நமக்கு அது ஒரு மாறி. தனியாக ஒரு புள்ளி மட்டும் நின்றால் அது மூல ஜன்னல், நாம் ரூட் என்று பெயர் வைப்போமே, அது. விட்ஜெட்டுக்கு அடுத்த சொல் அதன் செயல். இரண்டு சொல்லாக இருந்தால் நடுவில் அடிக்கோடு போட்டு ஒட்டிவிடுங்கள். ‘டேக் கான்ஃபிகர்’ என்பது டேக், அடிக்கோடு, கான்ஃபிகர். வின்ஃபோ என்று தொடங்கும் கட்டளைகளும் அப்படியே: வின்ஃபோ, அடிக்கோடு, விட்த். டபிள்யூஎம் கட்டளைகளில் மட்டும் முன்னொட்டை விட்டுவிட்டால் போதும், ‘டபிள்யூஎம் டைட்டில்’ என்பது ரூட் புள்ளி டைட்டில்.

பைத்தான் தனக்கென்று ஒதுக்கி வைத்திருக்கும் சொற்களில் ஓர் இடறல் இருக்கிறது. ஃப்ரம், இன், கிளாஸ் மூன்றையும் ஆப்ஷன் பெயராக வைத்தால் பைத்தான் முறைக்கும். பின்னால் ஓர் அடிக்கோடு சேருங்கள். ரீம் எண்ணிக்கைக்கு மேலும் கீழும் அம்பு வைத்த ஸ்பின்பாக்ஸ் போட்டபோது இது புரியாமல் ஒரு சாயங்காலம் போனது.

மவுஸ், விசை அசைவோடு நம் சார்பைக் கட்டுவது பைண்ட். அந்தப் பக்கத்தில் சதவீதக் குறியோடு எக்ஸ், ஒய் என்று வருபவை, பைத்தானில் நமக்கு வருகிற ஈவென்ட் பொருளின் புள்ளி எக்ஸ், புள்ளி ஒய். சுருள் அடைப்பு வெறுமனே நின்றால் வெற்றுச் சரம். இந்த அளவு வைத்துக்கொண்டு ட்ரீவியூ பக்கம் முழுவதையும் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் படித்துவிடலாம். நான் படித்தேன், பக்கத்தில் முறுக்கு.

சில சமயம் சரக்குக்காரரிடம் இருக்கிற பொருள் துபாஷியிடம் வந்திருக்காது. அந்த ஸ்பின்பாக்ஸே ஓர் உதாரணம். டிடிகே அழகில் ஒரு ஸ்பின்பாக்ஸ் டிகே பக்கம் எப்போதோ இருந்தது. பைத்தானில் அதற்கு வகுப்பு சேர்ந்தது 3.7 பதிப்பில்தான். அதற்கு முந்தைய பைத்தானில் இருப்பவர்கள் ரூட் புள்ளி டிகே புள்ளி கால் என்று நேரடியாக டிக்கிளோடு பேசிக்கொள்ளலாம். கையேட்டில் இருக்கும் சொற்களை ஒவ்வொன்றாக மேற்கோளுக்குள் வைத்து, காற்புள்ளி போட்டுக் கொடுத்தால் போய்ச் சேரும்.

விட்ஜெட்டிடமே கேட்கலாம்

கையேட்டைத் திறக்கவே வேண்டாத கேள்விகள் நிறைய. ஒரு விட்ஜெட் என்னென்ன ஆப்ஷன் ஏற்கும் என்று அறிய அதன் பெயர், புள்ளி, கீஸ், வெற்று அடைப்புக்குறி. மொத்தப் பட்டியலும் வந்து விழும். ஒரு ஆப்ஷனின் இப்போதைய மதிப்பு வேண்டுமென்றால் சதுர அடைப்புக்குள் அதன் பெயர். வின்ஃபோ கிளாஸ் என்று கேட்டால் ஸ்டைலுக்கு எந்தப் பெயர் கொடுக்கவேண்டும் என்று தெரியும். டிடிகே பட்டனுக்கு முன்னால் ஒரு பெரிய டி ஒட்டி ‘டிபட்டன்’ என்று இருக்கிறது, ட்ரீவியூவுக்கு அப்படி இல்லை, ஏன் என்று கேட்காதீர்கள். ஹெல்ப் சார்பும் உண்டு. டிகேஇன்டரில் அது தருகிற விளக்கம் ஒரு வரிதான், ஆனால் சார்பின் சரியான எழுத்துக்கூட்டல் தெரிந்துகொள்ள அதுவே போதும்.

தவறான மதிப்பு கொடுத்துப் பார்ப்பதும் ஒரு வழி. ரிலீஃப் என்ற ஆப்ஷனுக்கு ‘அண்ணாச்சி’ என்று கொடுங்கள். இது செல்லாது, ஃபிளாட், க்ரூவ், ரெய்ஸ்டு, ரிட்ஜ், சாலிட், சங்கன் இவற்றில் ஒன்றாக இருக்கவேண்டும் என்று பிழைச்செய்தியே பாடம் நடத்தும். டிகேயின் பிழைச்செய்திகள் இந்த விஷயத்தில் தாராளம்.

வீட்டில் சிவப்பு, அச்சகத்தில் கறுப்பு

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும், நான் இரண்டு நாள் தூக்கம் தொலைத்தது இதில்தான்.

2019. டெலிவரி தேதி தாண்டிய ஜாப் சிவப்பில் தெரியவேண்டும் என்று அண்ணாச்சி கேட்டார். ட்ரீவியூவில் அது எளிது. வரியைச் சேர்க்கும்போது ஒரு டேக் கொடுப்பது, அந்த டேக்குக்கு ஃபோர்கிரவுண்ட் சிவப்பு என்று கான்ஃபிகர் செய்வது. வீட்டு லேப்டாப்பில் செய்தேன், பளிச்சென்று சிவந்தது. பென்டிரைவில் எடுத்துப்போய் அச்சகக் கணினியில் ஓட்டினால் எல்லா வரியும் கறுப்பு. பிழைச்செய்தி கிடையாது. நிரல் அட்சரம் மாறாமல் அதேதான்.

“ஏம்மா, லேட்டான ஜாப் ஒண்ணுமே இல்லையா? நல்லதாப் போச்சு” என்றார் அண்ணாச்சி. ஆடிப் பதினெட்டுக்குக் காலண்டர் ஆல்பம் வெளியிடுகிற நேரம். பதினோரு ஜாப் லேட்.

நிரலை நூறு முறை திருப்பிப் பார்த்தேன். கடைசியில் தோன்றியது, இரண்டு கணினியிலும் ஒரே டிகேதானா? டிகேஇன்டர் புள்ளி டிகேவெர்ஷன் என்று இரண்டிலும் கேட்டேன். இரண்டிலும் 8.6. சரி, ஒன்றுதான் என்று நினைத்து இன்னொரு நாளை வீணாக்கினேன். அந்த மாறி 8.6 என்பதோடு நின்றுவிடும், அதற்குப் பின்னால் வருகிற மூன்றாவது எண்ணைச் சொல்லாது. அதைக் கேட்கும் முறை வேறு: டிகேஇன்டர் புள்ளி டிசிஎல், வெற்று அடைப்புக்குறி, புள்ளி, எவல், அதன் அடைப்புக்குள் மேற்கோளில் ‘இன்ஃபோ பேட்ச்லெவல்’. கேட்டதும் வந்துவிட்டது பதில். லேப்டாப்பில் 8.6.6. அச்சகத்தில் 8.6.9.

‘ட்ரீவியூ, டேக், 8.6.9’ என்று மூன்று சொல் போட்டுத் தேடியதும் முதல் பக்கத்திலேயே கிடைத்தது. 8.6.9 பதிப்பில் ட்ரீவியூவின் இயல்பு நிலைக்கே தீம் ஒரு நிறத்தை ஒட்டிவிட்டிருந்தது. டேக்கின் நிறத்தை அது மூடிவிடுகிறது. டிகேவின் பிழைப் பதிவேட்டிலும் பைத்தானின் பதிவேட்டிலும் இரண்டு இடத்திலும் இது பதிவாகியிருந்தது. ஸ்டைலின் மேப் சார்பிடம் ஃபோர்கிரவுண்டையும் பேக்கிரவுண்டையும் கேட்டு வாங்கி, அதிலிருந்து ‘ஆச்சரியக்குறி டிசேபிள்டு, ஆச்சரியக்குறி செலக்டடு’ என்ற பதிவை மட்டும் களைந்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தால் சரியாகிவிடும் என்று ஒரு புண்ணியவான் எழுதி வைத்திருந்தார். எட்டு வரி. பதினோரு ஜாப்பும் சிவந்தன. பின்னால் வந்த 8.6.10 பதிப்பில் கோளாறே சரிசெய்யப்பட்டுவிட்டது.

ஆகவே எதையும் தேடத் தொடங்குமுன் பேட்ச்லெவலைக் கேட்டு ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். கமாண்ட் ப்ராம்ப்ட்டில் பைத்தான், இடைவெளி, சிறுகோடு எம், இடைவெளி, டிகேஇன்டர் என்று தட்டினால் ஒரு சின்னச் சோதனை ஜன்னல் திறக்கும். புதிய பைத்தான்களில் அது முழு எண்ணையும் காட்டுகிறது. பழையதில் 8.6 மட்டும்தான், மேலே சொன்ன எவல் வழிதான் கதி.

டிஸ்க்கிலேயே கிடக்கும் பாடம்

பைத்தானோடு வருகிற ஐடில் என்ற எழுதுபலகையைப் பார்த்திருப்பீர்கள். அது முழுக்க டிகேஇன்டரில் எழுதப்பட்டது. மெனு, தேடும் பெட்டி, அமைப்புகள் ஜன்னல், வண்ணம் தீட்டிய எழுத்து, எல்லாவற்றுக்கும் மூலநிரல் உங்கள் கணினியிலேயே, பைத்தான் ஃபோல்டருக்குள் லிப், அதற்குள் ஐடில்லிப் என்ற இடத்தில் இருக்கிறது. கற்றுத்தருவதற்காக ஒப்பனை செய்த உதாரணங்கள் அல்ல. பல வருடமாக மனிதர்கள் பயன்படுத்தி, அடிபட்டு, திருத்தப்பட்ட நிரல். கன்ஃபிக்டயலாக் என்ற கோப்பைத் திறந்து, ஒரு பெரிய படிவத்தை எப்படித் தாவல் தாவலாகப் பிரித்து கிரிட்டில் அடுக்குகிறார்கள் என்று பாருங்கள். என் ஜாப் படிவத்தை அதைப் பார்த்துத்தான் அடுக்கினேன். டர்ட்டில் கோப்பும் கேன்வாஸ் கற்க நல்லது, கொஞ்சம் நீளம்.

லிப் ஃபோல்டருக்குள் டிகேஇன்டர் என்றே ஒரு ஃபோல்டர் உண்டு. அதில் டிடிகே கோப்பைத் திறந்தால் துபாஷி எப்படி வேலை செய்கிறார் என்பது தெரிந்துவிடும். பெரும்பாலான சார்புகள் இரண்டு மூன்று வரி, டிகே புள்ளி கால் என்று முடியும்.

ஆனால் நான் அதிகம் சம்பாதித்தது வேறொரு ஃபோல்டரில். விண்டோஸில் பைத்தான் நிறுவிய இடத்தில் டிசிஎல், அதற்குள் டிகே8.6, அதற்குள் டிடிகே. அங்கே ஒவ்வொரு விட்ஜெட்டும் மவுசுக்கும் விசைக்கும் எப்படி அசையவேண்டும் என்பது டிக்கிளில் எழுதிக் கிடக்கிறது. வெறும் எழுத்துக் கோப்புகள், நோட்பேடில் திறக்கும்.

அதற்குள் ஏன் போனேன் என்றால், அச்சகத்தில் பையன்கள் பட்டியலின் தலைப்பில் மவுசை வைத்து இழுத்து, நெடுவரிசைகளைக் குறுக்கியும் அகட்டியும் வைத்துவிடுவார்கள். டெலிவரி தேதியே காணாமல் போகும். இழுக்கவிடாமல் தடுக்க ஆப்ஷன் உண்டா என்று தேடினேன், எனக்கு எதுவும் அகப்படவில்லை. ட்ரீவியூ என்ற டிக்கிள் கோப்பைத் திறந்தேன். பிரஸ் என்று ஒரு சார்பு. மவுஸ் அழுத்திய இடம் எது என்று ‘ஐடென்டிஃபை ரீஜன்’ என்பதைக் கொண்டு கேட்கிறது. பதில் ஹெடிங் என்றால் ஒன்று செய்கிறது, செபரேட்டர் என்றால் இழுத்து அகட்டும் வேலையைத் தொடங்குகிறது, செல் என்றால் வரியைத் தேர்கிறது. டிக்கிள் தெரியாத எனக்கே வாசித்தால் புரிந்தது.

அப்படியானால் அழுத்திய இடம் செபரேட்டர் என்றால் அந்த வேலை தொடங்கவே கூடாது. பட்டியலுக்கு இடது மவுஸ் அழுத்தத்தை பைண்ட் செய்து, அந்தச் சார்புக்குள் ஐடென்டிஃபை, அடிக்கோடு, ரீஜன் என்று ஈவென்ட்டின் எக்ஸ், ஒய்யைக் கொடுத்துக் கேட்டேன். பதில் செபரேட்டராக இருந்தால் ‘பிரேக்’ என்ற சொல்லைத் திருப்பி அனுப்பினேன். விட்ஜெட்டுக்கு நாம் சொந்தமாகப் போட்ட பைண்ட் முதலில் ஓடும்; அதன் வகுப்புக்கே உரிய பைண்ட் அடுத்து ஓடும்; பிரேக் வந்தால் வரிசை அங்கேயே அறுந்துவிடும். இந்த வரிசை விவரம் பைண்ட்டேக்ஸ் என்ற கையேட்டுப் பக்கத்தில் இருக்கிறது. மூன்று வரியில் பையன்கள் ஓய்ந்தார்கள்.

பழைய பக்கங்களின் வயது

டிகேஇன்டருக்கு ஒருகாலத்தில் நல்ல பாடங்கள் இரண்டு இருந்தன. ஃப்ரெட்ரிக் லுண்ட் எழுதி எஃப்பாட் தளத்தில் வைத்திருந்தது ஒன்று. நியூ மெக்சிகோ டெக் கல்லூரியின் தளத்தில் இருந்த, டிகே 8.5க்கான குறிப்பேடு இன்னொன்று. இரண்டையும் இப்போது அவற்றின் பழைய முகவரியில் தேடிப் பயனில்லை. பலர் தருகிற சுட்டிகள் அங்கே போய் முட்டிக்கொள்கின்றன. சுட்டியை அப்படியே எடுத்து இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் போடுங்கள், பழைய பிரதி திறக்கும். உயிரோடு இருப்பவற்றில் டிகேடாக்ஸ் தளத்தின் பாடம்தான் எனக்குப் பிடித்தது. ஒரே உதாரணத்தை டிக்கிள், பைத்தான் என்று பக்கம் பக்கமாக வைத்துக் காட்டுவார்கள், மேலே சொன்ன வாய்ப்பாடு தானாக மனதில் ஏறும்.

ஒரு பாடத்தின் வயதை அதன் முதல் வரியிலேயே கணித்துவிடலாம். டிகேஇன்டர் என்பதில் முதல் எழுத்து பெரிய டி என்றால் அது பைத்தான் 2 காலத்தது. 3இல் அது சின்ன டி. அதை வைத்து விலக்கவேண்டாம், திருத்திப் படிக்கலாம், டிகே பக்கம் பெரிதாக மாறவில்லை. டிடிகே என்ற பேச்சே இல்லாத பாடம் என்றால் மட்டும் கொஞ்சம் யோசியுங்கள். டிடிகே வந்தது 2007இல் டிகே 8.5ஓடு. அதற்கு முந்தைய பாடத்தைப் பார்த்துச் செய்தால் உங்கள் ஜன்னல் விண்டோஸ் 95 போலிருக்கும். டிக்ஸ் என்ற கூடுதல் விட்ஜெட் தொகுப்பைக் கற்றுத்தரும் பாடத்தை மூடிவிடலாம், பைத்தான் 3.13இல் அதை எடுத்தே விட்டார்கள்.

யாரிடமாவது கேட்கவேண்டிய நிலை வந்தால், முழு நிரலையும் அனுப்பாதீர்கள். ஒரு ஜன்னல், ஒரு விட்ஜெட், கோளாறு, பேட்ச்லெவல். இருபது வரிக்குள் சுருக்கும்போதே பாதி நேரம் விடை அகப்பட்டுவிடும்.

லினக்ஸில் கொம்பு

போன வருடம் அண்ணாச்சி, அந்தக் கணினி மெதுவாகிவிட்டது, லினக்ஸ் போட்டால் வேகமாகும் என்று யாரோ சொன்னதாகச் சொன்னார். வீட்டில் ஒரு பழைய கணினியில் உபுண்டு போட்டு என் நிரலை ஓட்டிப் பார்த்தேன். டிகே 8.6. நிரல் ஓடியது. ஆனால் தமிழ்? ‘கெ’ என்பதில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நின்றது. ‘கு’வின் உகரக் குறி ககரத்தோடு சேராமல் தனியே தொங்கியது. அதே கணினியில் பிரவுசரில் தமிழ் சுத்தமாகத் தெரிந்தது, ஆகவே எழுத்துருவின் குற்றம் இல்லை.

கேள்வியைத் தமிழோடு கட்டித் தேடினால் கிடைப்பது குறைவு. இதே தொல்லை இந்திக்கும் வங்காளிக்கும் இருக்கும் என்று ஊகித்து, ‘டிகே, எக்ஸ்எஃப்டி, இண்டிக், ஷேப்பிங்’ என்று தேடினேன். விடை வந்தது: லினக்ஸில் டிகே 8.6 எழுத்தை எக்ஸ்எஃப்டி என்ற நூலகத்தின் வழியாக வரைகிறது. அது எழுத்துக் குறிகளை வந்த வரிசையிலேயே வைத்துவிடும், இடம் மாற்றுவதும் கூட்டெழுத்து சேர்ப்பதும் அதற்குத் தெரியாது. விண்டோஸில் அந்த வேலையை விண்டோஸே செய்துவிடுவதால் நமக்கு இதுநாள் வரை தெரியவில்லை. ஆப்ஷன் எதையும் மாற்றி இதைச் சரிசெய்ய முடியாது என்று தெரிந்துகொள்ள எனக்கு ஒன்றரை மணி நேரம்தான் ஆனது. முன்பென்றால் ஒரு வாரம் எழுத்துருவை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்திருப்பேன்.

அண்ணாச்சியிடம் சொன்னேன். “தமிழ் ஒடையும்னா வேண்டாம்மா, மெதுவாவே ஓடட்டும்” என்றார். ரேம் மட்டும் இன்னொரு 4 ஜிபி வாங்கிப் போட்டிருக்கிறோம்.